கரும்புகை கக்கும் மோட்டார்

மோட்டார் வண்டி கரும்புகை கக்குமாயின், காற்றின் அளவுக்கு மிஞ்சிய பெற்றோல் உட்செல்கின்றது என்பது பொருள். நிறையளவில் 1 பங்கு பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். எரியாது எஞ்சும் பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். இயந்திரம் விரைந்து தேயும்.

பழைய மொறிஸ் மைனர் வண்டியிலுள்ள எஸ்.யூ. காபரேற்றரில் இதனைத் திருத்துதல் எளிது. சோக் முற்றாக விடுபட்டுள்ளதா என முதலிற் பார்த்தல் வேண்டும். பல வேளைகளிற் குற்றம் அங்கேதான். இயந்திரம் சூடேறியபின், காபரேற்றருள் இருக்கும் பிஸ்ரனை 1/32 அங்குலம் மெல்ல உயர்த்துக. வேகம் கூடி அவ்வாறே நிற்குமாயின் கலவை செறிவானது. அடியிலுள்ள அறுகோண நட்டை ஒரு பக்கமளவு மேலேற்றி, மீண்டும் சோதிக்கலாம். வேகம் கணநேரம் சற்றே கூடித் தணிந்தால் அளவு சரி; உடனே தளர்ந்தால் மிகையாகக் குறைத்தாயிற்று.

கதவடைத்த கொட்டகையில் இவ்வேலை ஆகாது. அப்புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. உயிரைக் குடிக்கும் நஞ்சு அது.