துண்டுச் சீட்டும் கடனட்டையும்

மாத்தளை நகரிலிருந்து வடக்கு நோக்கித் தம்புள்ளைக்குச் செல்லும் பெருஞ்சாலை நீண்ட வரலாறுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தமிழகத்தினின்றும் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், காடும் காய்ச்சலும் நிறைந்த வடபாதை வழியே கால்நடையாக நடந்து மாத்தளையை அடைந்தனர். இங்கிருந்தே அவர்கள் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். தலையிலே மூட்டையும் இடுப்பிலே குழந்தையுமாக வந்த அவர்கள், கண்ணுக்குத் தெரியாத மற்றுமொரு சுமையையும் சுமந்து வந்தனர். அதுவே கடன்.

ஊரை விட்டுப் புறப்படும்பொழுது பழைய கடனைத் தீர்க்கவும், வழிச்செலவுக்கும் கங்காணி முற்பணம் கொடுத்தார். அம்முற்பணம் தொழிலாளியின் பேரிலே பற்றாக எழுதப்பட்டது. தோட்டத்திற்கு வந்து சேர்ந்ததும் அரிசிக்கென்றும் கம்பளிக்கென்றும் கணக்கு வளர்ந்தது. கணக்குப் புத்தகமோ தொழிலாளியிடம் இல்லை. இருந்தாலும் அதனைப் படிக்க அவர்களிற் பலருக்கு எழுத்தறிவு இல்லை. தாம் படவேண்டிய கடன் எவ்வளவு என்பதைப் பிறர் சொல்லவே கேட்டு அறிந்தனர். முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கினாலோ, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின்படி சிறைத்தண்டனையும் நேரலாம்.

இந்நிலையிலே தோன்றியதுதான் 'துண்டு' என்னும் முறை. ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் வேறு தோட்டத்திற்குப் போக விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று பழைய தோட்டத்துத் துரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். அதனைக் கண்டு, புதிய தோட்டத்துத் துரை பணம் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொள்வார். ஆட்களுக்குத் தட்டுப்பாடு இருந்த காலமாதலால், துண்டில் எழுதியதற்கு மேலும் முற்பணம் கேட்டு வாங்கப்பட்டது. பழைய கடன் அடைக்கப்பட்டது போலத் தோன்றியது. உண்மையிலே அது தோட்டம் மாறிப் பருத்ததேயன்றிக் குறையவில்லை. கடன் இடம் மாறுவது வேறு, கடன் தீர்வது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1923ஆம் ஆண்டின் சட்டத்தினாலே, ஆட்களை அழைத்துவரும் செலவு தோட்டங்கள் செலுத்தும் பொதுநிதியைச் சார்ந்ததாயிற்று. அதன் பின்னர் வந்தவர்கள் வழிச்செலவுக் கடனைத் தலையில் சுமந்து வரவேண்டியிருக்கவில்லை.

துண்டு ஒழிந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. ஆனால், அதன் இயல்பு முற்றிலும் மறைந்துவிட்டதா என்பது சிந்திக்கத்தக்கது. இன்று மாத்தளை நகரிலும், உக்குவளையிலும், இறத்தோட்டையிலும், கணவனோ மனைவியோ ஒருவர் மட்டுமே உழைக்க ஏனையோர் அவ்வருவாயை நம்பி வாழும் குடும்பங்கள் பல உள்ளன. அத்தகைய குடும்பத் தலைவரின் சட்டைப் பையிலும் ஒரு சிறு துண்டு இருக்கிறது. அது காகிதமன்று, கடனட்டை.

கடனட்டையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். மாத இறுதியில் வரும் கணக்கறிக்கையின் முழுத்தொகையையும் குறித்த நாளுக்குள் செலுத்துவோருக்கு, வாங்கிய பொருட்களின் மேல் வட்டியில்லை. சிறிது பாக்கி வைத்தாலும் வட்டி தொடங்கிவிடும். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தாலோ, எடுத்த நாள் முதலே வட்டி நடக்கும். அறிக்கையின் மூலையிலே 'குறைந்தபட்சக் கொடுப்பனவு' என்றொரு சிறு தொகை அச்சிடப்பட்டிருக்கும். இடர் வருவது அங்கேதான். அத்தொகையைச் செலுத்தியவர் கடமை முடிந்ததென நிம்மதி அடைகிறார். கடனோ அவர் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

வட்டி வீதமும் ஒரே நிலையில் நிற்பதன்று. 2020 ஆகத்து மாதத்தில் இலங்கை மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 என உச்ச எல்லை விதித்தது. நாடு பெரும் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்த 2022 ஏப்பிரலில் அவ்வெல்லை நீக்கப்பட்டது. வட்டி விரைந்து உயர்ந்தது. 2023 ஆகத்தில் மீண்டும் 28 என்னும் எல்லை வகுக்கப்பட்டது. புதிதாக ஒரு பொருளும் வாங்காத குடும்பத்திற்கும், பழைய பாக்கியின் பாரம் இவ்வாறு தானாகவே கூடிற்று.

இதனைக் கணக்கினால் விளக்கலாம். மாத்தளையிலே அலுவலக எழுதுவினைஞர் ஒருவருக்குக் கடனட்டைப் பாக்கி 2 இலட்சம் ரூபா உண்டென்றும், வட்டி மாதம் நூற்றுக்கு 2 என்றும், குறைந்தபட்சக் கொடுப்பனவு பாக்கியில் நூற்றுக்கு 5 என்றும் வைத்துக்கொள்வோம். முதல் மாதம் அவர் செலுத்துவது 10,000 ரூபா. அதிலே 4,000 வட்டிக்குப் போக, முதலிற் குறைவது 6,000 மட்டுமே. பாக்கி குறையக் குறையக் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே போகும். அதனை மட்டுமே செலுத்தி வருவாராயின், ஐந்து ஆண்டுகளில் அவர் கட்டிய தொகை 2 இலட்சத்து 79 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். அதன் பின்னும் 32,000 ரூபாவுக்கு மேல் கடன் நிற்கும்!

அவரே, முதல் மாதம் செலுத்திய அதே 10,000 ரூபாவை, வங்கி குறைத்துக் கேட்டாலும் தாம் குறைக்காமல், மாதந்தோறும் செலுத்தி வருவாரென்றால் என்ன ஆகும்? இருபத்தாறாம் மாதத்திலே கடன் முழுவதும் தீர்ந்துவிடும். வட்டியாகப் போவது ஏறத்தாழ 58,000 மட்டுமே. இவ்விரு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு வருவாயினால் வந்ததன்று, உறுதியினால் வந்தது.

எனினும், ஒருவர் உழைப்பில் நடக்கும் குடும்பத்திற்கு மற்றுமோர் எச்சரிக்கை உண்டு. இருவர் உழைக்கும் வீட்டில் ஒருவர் நோயுற்றாலும் மற்றவர் தோள்கொடுப்பார். இங்கே அந்த இரண்டாவது தோள் இல்லை. மிஞ்சும் பணம் முழுவதையும் கடனுக்கே கொட்டிவிட்டால், உழைப்பவருக்குக் காய்ச்சல் கண்ட மாதத்தில் மருந்துக்கும் அரிசிக்கும் மீண்டும் அட்டையையே நீட்ட நேரும். ஆகவே, கடன் தீர்ப்பதற்கு முன்னும் அதனோடு கூடவும், ஒரு சிறு கைப்பொருள் சேர்தல் இன்றியமையாதது.

மேற்கூறிய எழுதுவினைஞரின் வீட்டிலே, இன்றியமையாச் செலவுகள் போக மாதம் 15,000 ரூபா மிஞ்சுகிறதென்று கொள்வோம். முதலாண்டு 10,000 ரூபாவைக் கடனுக்கும், 5,000 ரூபாவைச் சேமிப்புக் கணக்கிற்கும் அவர் ஒதுக்கலாம். ஆண்டு முடிவிலே 60,000 ரூபா கையிருப்பு ஆகும்; கடன் ஒரு இலட்சத்து 20 ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். அதன் பின்னர் 15,000 ரூபாவையும் கடனுக்கே செலுத்தினால், மேலும் ஒன்பது மாதங்களில், அதாவது இருபத்தொரு மாதங்களில், கடன் ஒழியும். கையிலே 60,000 ரூபாவும் குறையாமல் நிற்கும். இக்கணக்கு பலிப்பதற்கு நிபந்தனை ஒன்றே: அக்காலம் முழுவதும் அட்டையினால் ஒரு பொருளும் வாங்கலாகாது.

பல அட்டைகள் உடையோர், எல்லாவற்றிற்கும் குறைந்தபட்சத் தொகையைச் செலுத்திவிட்டு, மிகுதியை வட்டி மிகுந்த அட்டைக்கே முதலில் செலுத்துதல் வேண்டும். அது தீர்ந்ததும் அதே தொகையை அடுத்ததற்குத் திருப்பலாம்.

நகையை அடகு வைத்து அட்டைக் கடனை அடைப்பதும், ஓர் அட்டையின் கடனை மற்றோர் அட்டைக்கு மாற்றுவதும் நாட்டில் வழக்கமாகிவிட்டன. குறைந்த வட்டிக்கு மாறுவதிலே நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அடைபட்ட அட்டையை மூடாது வைத்திருந்தால், சில மாதங்களில் நகையும் அடகுக்கடையில் இருக்கும், அட்டையிலும் பாக்கி ஏறியிருக்கும். இது பழைய துண்டு முறையே. தோட்டம் மாறிற்று, கடன் பருத்தது.

செலுத்த இயலாத மாதம் வரும்போல் தோன்றினால், தவணை தவறிய பின்னர் ஒளிவதைவிடத் தவறுவதற்கு முன்னரே வங்கிக்குச் சென்று தவணையை மாற்றியமைக்கக் கேட்பது நன்று. தம் பேரில் எந்தெந்த நிறுவனத்தில் எவ்வளவு கடன் உண்டு என்பதை அறிய விரும்புவோர், 1990ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து தமது அறிக்கையைப் பெற்றுக்கொள்ளலாம்.

அனைத்திற்கும் மேலாக, கடன் கணக்கு வீட்டிற்குள் வெளிச்சத்திற்கு வருதல் வேண்டும். உழைப்பவர் தமக்குள்ளே மறைத்து வைக்கும் கடன், வீட்டுச் செலவை நடத்துபவர் அறியாமலே வளர்கிறது. கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்ந்து, ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியிலே முதல், வட்டி, செலுத்தியது, மிச்சம் என்று நான்கு பத்தி கீறி மாதந்தோறும் எழுதி வருவார்களாயின், பாதி வெற்றி கிட்டியது எனலாம்.

வடபாதை வழியே வந்த அம்மக்களுக்கு அவ்வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர்களுடைய கணக்கு அவர்கள் கையில் இல்லை. அதனைத் திறந்து பார்க்கும் உரிமையும் எழுத்தும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று எழுத்தும் உண்டு, உரிமையும் உண்டு. தமது கணக்கைத் தாமே எழுதும் குடும்பம், அதனை ஒரு நாள் தாமே முடித்தும் வைக்கும்.