சூட்டை எங்கே கொட்டுவது?

கோடை வந்தாலே, பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: எந்தக் கூலர் வாங்கலாம்? ஏர் கூலரானாலும் லிக்விட் கூலரானாலும் ப்ராசஸரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. இரண்டுமே சூட்டைச் சிப்பிலிருந்து எடுத்து அறைக் காற்றில் விடுகின்றன, அவ்வளவுதான். கூலர்களைச் சோதித்து மதிப்பெண் போடுகிறவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து டிகிரி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். 22 டிகிரி அறையில் 78 டிகிரி காட்டிய ப்ராசஸர், மே மாதத்து மதுரையில் 38 டிகிரி மாடி அறைக்கு வந்தால், அதே கூலரோடு அதே வேலைக்கு ஏறக்குறைய 94-ஐத் தொடும். இன்றைய ப்ராசஸர்கள் பலவற்றுக்கு 95 அல்லது 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கோடை மதியத்தில் கைக்கு வராது.

ஆகவே முதலில் குறைக்க வேண்டியது பிறக்கிற சூட்டை. 125 வாட் என்று அட்டவணையில் போட்டிருக்கும் சில உயர்ரக ப்ராசஸர்கள் முழு வேலையில் 250 வாட்டுக்கு மேல் இழுக்கின்றன. கடைசிச் சில சதவீத வேகத்துக்காக மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதால் வரும் வினை இது. சிப் இயங்கும்போது ஆகிற மின்செலவு அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதே வேகத்தில் அழுத்தத்தைப் பத்து சதவீதம் இறக்கினால் இந்தச் செலவு சுமார் 19 சதவீதம் இறங்கும். பயாஸுக்குள் போய் மின் வரம்பைப் பாதியாக்கினால் வேகம் பாதியாகிவிடாது. வீடியோ ரெண்டரிங்கில் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். விளையாட்டுகளில் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. காசு செலவில்லை. ஒருவேளை அதனால்தான் கடைகளில் யாரும் இதைச் சொல்வதில்லை.

லிக்விட் கூலர் பிரியர்கள் சும்மா விடமாட்டார்கள். மணிக்கணக்கில் 250 வாட் ஓடும் வேலைக்கு மூன்று ஃபேன் ரேடியேட்டர் நல்ல ஏர் கூலரை முந்தும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் சூடேற நேரமாகும் என்பதால் முதல் சில நிமிடங்களில் அது காட்டும் குளிர்ச்சியை நம்பக்கூடாது. பம்ப் தேயும், குழாய்ச் சுவர் வழியாக ஆண்டுக்கணக்கில் நீர் மெல்லக் கசிந்து ஆவியாகும், முத்திரையிட்ட வகைகள் பலவற்றில் திரும்ப ஊற்றவும் வழியில்லை. டவர் கூலரில் கெட்டுப்போகக்கூடியது பெரும்பாலும் ஒரு ஃபேன்தான், அதையும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். அதன் செம்புக் குழாய்களுக்குள்ளும் கொஞ்சம் திரவம்தான் ஆவியாகி, குளிர்ந்து, திரும்புகிறது, பம்ப் இல்லாமலே.

எந்தக் கூலராக இருந்தாலும் நம் வீடுகளின் கம்ப்யூட்டர் டேபிள் அதைத் தோற்கடித்துவிடும். சிபியு வைக்க என்று கீழே ஒரு அறை, மூன்று பக்கமும் பலகை, சிலவற்றில் முன்னால் கதவு வேறு. பின்னால் தள்ளிய சூடான காற்று பலகையில் முட்டி முன்னால் சுற்றிவந்து, ஃபேன் அதையே மறுபடி உறிஞ்சுகிறது. பின்பலகையைக் கழற்றினால் போதும், இல்லையென்றால் கேபினட்டை வெளியே எடுத்து வைக்கலாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட்டுகளும் பக்கவாட்டில் போதிய திறப்பு இல்லையென்றால் இதே வேலையைத்தான் செய்கின்றன. அழகுக்காக வாங்குகிறவர்களை யாரும் தடுக்க முடியாது. ஊதுபத்திப் புகையும் சமையலறையிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியோடு சேர்ந்தால் ஹீட்சிங்க் துடுப்புகளுக்கிடையே கம்பளி போல அடைத்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷாலும் பிளோயராலும் சுத்தம் செய்வது புதுக் கூலரைவிட அதிகம் உதவும்.

95 டிகிரியில் ஓடுவதற்கென்றே வடிவமைத்த ப்ராசஸருக்கு இத்தனை கவலை எதற்கு என்பது நியாயமான கேள்வி. ப்ராசஸருக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை என்பதும் சரிதான். அறைக்குள் இருக்கும் மனிதர்களின் கதை வேறு. கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்து 500 வாட் இழுக்கும் இயந்திரம், சிப் 60 டிகிரியில் இருந்தாலும் 90-ல் இருந்தாலும், அந்த 500 வாட்டையும் அறையில்தான் கொட்டும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய சூடு சுமார் 3,500 வாட். அதில் ஏழில் ஒரு பங்கை இதுவே தின்றுவிடும். மின்கட்டணம் இரண்டு முறை ஏறுகிறது: சூட்டை உண்டாக்க ஒருமுறை, வெளியேற்ற ஒருமுறை. ஏசி இல்லாத, வெயில் குடித்த கான்கிரீட் கூரைக்குக் கீழே, பத்துக்குப் பத்து அறையில் இரவெல்லாம் ரெண்டரிங் ஓடினால், அதே அறையில் பாய் விரித்துப் படுக்கும் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் எந்தக் கூலரும் உதவாது. அந்த வீட்டுக்கு லிக்விட் கூலர் காசில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி ஜன்னலில் பொருத்தலாம். மீதிப் பணமும் இருக்கும்.