கருப்பை வாய்ப் புற்றுநோயும் ஊராட்சியின் கடமையும்

ஏழாயிரம்பண்ணைச் சாலையில் விடியற்காலையில் நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். கையில் தூக்குவாளியுடன் பெண்கள் கூட்டங்கூட்டமாக நின்று, பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆலைகளுக்கும் செல்லும் வண்டிகளில் ஏறுகின்றனர். மாலையில்தான் வீடு திரும்புகின்றனர். மழையை நம்பிய இக்கரிசல் நிலத்தில் விளைச்சல் பொய்த்த ஆண்டுகளிலும் பல வீடுகளில் அடுப்பெரிவது இவர்களது கூலியினால்தான். இத்தாய்மார்களுக்கு வரக்கூடிய கொடிய நோய் ஒன்றைப் பற்றி நம் கிராமங்களில் எவரும் வாய் திறந்து பேசுவதில்லை. அதுவே கருப்பை வாய்ப் புற்றுநோய். இது பெண்களின் விஷயமாயிற்றே, ஊராட்சி மன்றத்திற்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். குடிநீரும் சாலையும் போலவே இதுவும் ஊரார் கூடிச் செய்யவேண்டிய காரியம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய் வரும் விதம்

இந்நோய் ஆலை மருந்தின் தூசினால் வருவதன்று. தெய்வக் குற்றமும் அன்று. எச்.பி.வி. எனப்படும் ஒரு வகை வைரஸே இதற்குக் காரணம். இது உடலுறவின் வழியாகப் பரவுவது. இல்லறத்தில் உள்ள பெரும்பாலோருக்கு ஏதேனும் ஒரு காலத்தில் இது தொற்றி, தானாகவே மறைந்துவிடும். ஆகவே இதைக் கொண்டு எவருடைய ஒழுக்கத்தையும் சந்தேகிக்க இடமில்லை. சிலரிடம் மட்டும் அது நிலைத்து, கருப்பை வாயில் சிறு மாறுதலை உண்டாக்கி, 10 முதல் 20 ஆண்டுகளில் புற்றாக மாறுகிறது. தொடக்கத்தில் வலி இராது. மாதவிடாய் நின்றபின் உதிரம் காணுதல், உறவுக்குப் பின் உதிரம் காணுதல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை தோன்றும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

பருத்தி பயிரிடுபவர் செடி வாடும்வரை காத்திருப்பதில்லை. பூச்சி முட்டையிட்ட அன்றே இலையைத் திருப்பிப் பார்த்து நசுக்கிவிடுகிறார். இச்சோதனையும் அத்தகையதே. பயிற்சி பெற்ற செவிலியர், காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்த்த அளவில் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். மாறுதல் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, சில நிமிட வேலைதான். அம்மாறுதல் குளிர்முறையாலோ வெப்பமுறையாலோ நீக்கப்பட்டால், புற்றாக மாறுவது பெரும்பாலும் தடுக்கப்படும்.

திண்டுக்கல் காட்டிய வழி

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி அம்பிளிக்கை மருத்துவ நிலையத்தாரும் பிறரும் சேர்ந்து பெரும் ஆய்வு ஒன்றை நடத்தினர். கிராமத் தொகுதிகள் 114 இரண்டு பாதியாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். அவர்களில் 31,343 பேர் வந்தனர். சோதனையையும் தொடக்கச் சிகிச்சையையும் செவிலியரே செய்தனர். 2007-இல் முடிவுகள் வெளியாயின. மற்றப் பாதியைவிட இப்பாதியில் நோய் 100-க்கு 25 பங்கும், அதனால் நேர்ந்த மரணம் 100-க்கு 35 பங்கும் குறைந்திருந்தன. நம்மைப் போன்ற கிராமங்களிலேயே இது நடந்தது என்பதைக் கருதவேண்டும்.

அதே 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசு இச்சோதனையைத் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் விரிவாக்கியது. ஆயினும் 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் ஒரு முறையேனும் சோதித்துக்கொண்டவர்கள் 100-க்கு 10 பேர்கூட இல்லை. நாடு முழுவதும் பார்த்தால் 100-க்கு 2 பேர்தாம்.

தடை எங்கே?

சோதனைக்குக் கட்டணம் இல்லை. பின் ஏன் வருவதில்லை? கூட்டமொன்றில் யான் இதைக் கேட்டபோது ஒரு தாய் எழுந்து, "ஐயா, ஆஸ்பத்திரி திறக்கும் நேரத்தில் நாங்கள் ஆலையில் இருக்கிறோம். ஒரு நாள் கூலியை யார் தருவார்கள்?" என்றார். அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. கூலி ஒரு தடை; கூச்சம் மற்றொன்று. மூன்றாவது தடையே பெரிது: சோதனையில் வெளுப்புக் கண்டவர், அடுத்த சிகிச்சைக்கு மீண்டும் வராமலிருப்பது. பாதியில் விட்ட சோதனையால் பயனில்லை.

ஊராட்சி செய்யக்கூடியவை

முதலாவதாக, நாளைத் தேர்ந்தெடுத்தல். தீபாவளிக்குப் பின் பட்டாசு ஆலைகளில் வேலை சில வாரங்கள் ஓய்ந்திருக்கும். அந்நாள்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகாம் நடத்துமாறு வட்டார மருத்துவ அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களின் கிராம சபைகளில் இதற்குத் தீர்மானம் நிறைவேற்றலாம்.

இரண்டாவதாக, இடம். கதவும் திரையும் தண்ணீரும் விளக்கும் உள்ள ஓர் அறையை ஒதுக்கவேண்டும். அங்கே ஆண்கள் நடமாட்டம் கூடாது.

மூன்றாவதாக, பட்டியல். மத்திய அரசு 2016-இல் வகுத்த நெறிமுறை, 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒரு முறை சோதனை என்கிறது. கிராம சுகாதார செவிலியரும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் தெருவாரியாகப் பட்டியல் எடுக்கலாம். அது அவர்களிடமே இருக்கட்டும். எவருடைய முடிவும் மன்றத்தில் வாசிக்கப்படலாகாது.

நான்காவதாக, மறுபயணம். மேல் சிகிச்சை தேவைப்படுவோரை ஒரே நாளில் வண்டி அமர்த்தி, குழுவினர் ஒருவர் துணையுடன் அனுப்பவேண்டும். 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி நமக்கு அண்மையிலேயே உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உதவும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்முறைச் சிகிச்சை பெற்ற மனைவி சுமார் நான்கு வாரம் உறவைத் தவிர்க்கவேண்டும். இதைக் கணவர் அறிந்து ஒத்துழைத்தாலன்றிச் சிகிச்சை நிறைவுறாது. ஆகவே இது பெண்களின் விஷயம் மட்டுமன்று.

2030-க்குள் 100-க்கு 70 பெண்களேனும் சோதனை பெறவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறிக்கோள். உலகக் கணக்கை உலகம் பார்க்கட்டும். நம் ஊரில் எத்தனை பேர் என்ற கணக்கை நாம் பார்ப்போம். வருகின்ற தீபாவளி ஓய்வு வீணாகாதிருக்க, ஊராட்சி மன்றத்தார் இன்றே முயற்சியைத் தொடங்குவார்களாக.