சீனாவா, வியட்நாமா? அமெரிக்க மர இறக்குமதியில் டாலர் கணக்கு சொல்லாத கதை

2019. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் இருக்கும் மரம் அறுக்கும் மில்களுக்கு அது மோசமான வருஷம். ரெட் ஓக் பலகைக்கு விலை இறங்கிக்கொண்டே போனது. காரணம் உள்ளூரில் இல்லை, சீனாவில் இருந்தது.

அதுவரை அமெரிக்கா ஏற்றுமதி செய்த ஹார்டுவுட் பலகையில், மதிப்புக் கணக்கில் சுமார் பாதியை சீனா மட்டுமே வாங்கியது. இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை சீனா தடை செய்துவிட்டதால், வெளிநாட்டு மரத்தின் தேவை எகிறியிருந்தது. 2017 உச்சம். அப்புறம்தான் வரிப்போர். 2018 செப்டம்பரில் அமெரிக்க ஹார்டுவுட் மீது சீனா 5 முதல் 10 சதவீதம் வரி போட்டது. 2019 ஜூனில் அது 25 சதவீதம் வரை போனது. அந்த வருஷம் சீனாவுக்குப் போன பலகையின் மதிப்பு, 2017-ஐ விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

சரி, வியட்நாம் எங்கே வந்தது?

சீனாவில் செய்த மரச்சாமான்களுக்கு அமெரிக்காவும் வரி போட்டது: முதலில் 10, பிறகு 25 சதவீதம். ஆர்டர்கள் வியட்நாம் பக்கம் நகர்ந்தன. 2020 வாக்கில் அமெரிக்காவுக்கு மரச்சாமான் விற்பதில் வியட்நாம் சீனாவையே முந்திவிட்டது.

'அப்போ சீனா விட்டதை வியட்நாம் வாங்கியிருக்குமே'ன்னு தோணும். மில்காரர்களும் அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டிருப்பார்கள். ஆனால் சீனா விரும்பி வாங்கியது ரெட் ஓக். வியட்நாம் தொழிற்சாலைகள் அதிகம் கேட்பதோ துலிப்வுட். மென்மையானது, விலை குறைவு, பெயின்ட் அடிக்க வசதி. ஓக் காட்டை வைத்திருப்பவர் அடுத்த வருஷமே துலிப்வுட்டுக்கு மாற முடியாது. ஓக் வளர்ந்து அறுக்கும் பருவத்துக்கு வரவே பல பத்தாண்டுகள் ஆகும். 'ஹார்டுவுட்' என்ற ஒரே தலைப்பில் எல்லா மரத்தையும் கூட்டிப்போடும் கிராப்பில் இது தெரியவே தெரியாது.

டாலரை மட்டும் பார்த்தால்?

உதாரணத்துக்கு, ஒரு நாடு 100 கன மீட்டர் பலகையை தலா 500 டாலருக்கு வாங்குகிறது: 50,000 டாலர். மறு வருஷம் 80 கன மீட்டர்தான், ஆனால் விலை 700. மொத்தம் 56,000. கிராப் மேலே ஏறுகிறது, கப்பலில் வந்த மரமோ குறைந்திருக்கிறது. 2021-ல் மர விலை எகிறியபோது பல கோடுகள் இப்படித்தான் உயர்ந்தன. அதனால் மதிப்போடு கன மீட்டர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

யாருடைய கணக்கு என்பதும் முக்கியம். அமெரிக்கா தன் துறைமுகத்தில் சரக்கின் மதிப்பை எழுதுகிறது. சீனா அதே சரக்கை கப்பல் வாடகை, இன்ஷூரன்ஸ் சேர்த்து எழுதுகிறது. அதனால் ஒரே மரத்துக்கு இரண்டு தொகை. இதை 'மோசடி'ன்னு ஷேர் பண்ண வேண்டாம்!

தடியா, பலகையா?

சுங்கக் குறியீட்டில் அறுக்காத மரத்தடி 4403, அறுத்த பலகை 4407. (4407-க்குள் பைன் போன்ற மென்மரமும் வரும். ஹார்டுவுட் மட்டும் வேண்டுமென்றால் உட்பிரிவுகளைத்தான் எடுக்க வேண்டும்.) 2025 மார்ச்சில், பூச்சி இருப்பதாகச் சொல்லி அமெரிக்க மரத்தடி இறக்குமதியை சீனா நிறுத்தியது, நவம்பரில் மீண்டும் அனுமதித்தது. நிறுத்தப்பட்டது தடிதான், பலகை இல்லை. பலகையை மட்டும் காட்டும் கிராப்பில் இந்தத் தடை நேரடியாகத் தெரியாது.

கடைசியாக, கிராப் எந்த வருஷத்தில் தொடங்குகிறது என்று பாருங்க. 2017-ல் தொடங்கினால் சீனாவின் கோடு பாதாளத்துக்குப் போவது போல இருக்கும். 2005-ல் தொடங்கினால் அதே கோடு ஒரு பெரிய மலையும் அதன் இறக்கமும்தான். வியட்நாமின் தொகை சீனாவோடு ஒப்பிட்டால் சின்னது. அதனால் கொஞ்சம் கூடினாலே சதவீதத்தில் பெரிசாத் தெரியும். சதவீதம் மட்டும் போட்ட கிராப் வந்தால், அதற்குக் கீழே உண்மையான டாலர் தொகை இருக்கிறதா என்று தேடுங்க.