தகரம் வியர்க்கும் வீடு

மழை பெய்யாத இரவில் கூரை ஒழுகுமா? ஒழுகும் என்று ஒரு தாய் சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சி மாவட்டத்தின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கண்டாவளையும் அவற்றில் ஒன்று. மறுமாதம் உலர் உணவுப் பொதிகளுடன் அங்கு சென்ற குழுவில் நானும் இருந்தேன். மீள்குடியேறிய காலத்தில் அடித்த தகரக் கொட்டிலிலேயே அந்தக் குடும்பம் வாழ்ந்தது.

"சேர், ஓட்டையெல்லாம் தார் வச்சு அடைச்சிட்டன். வானம் வெளிச்சிருக்கிற இரவிலதான் கூடச் சொட்டுது. விடியக்குள்ள பிள்ளையின்ர பாய் நனைஞ்சு கிடக்கு" என்றார் அந்தத் தாய்.

பிள்ளைக்கு இழுப்பு. பாடப் புத்தகங்களிலோ பூஞ்சணம்.

சகோதரிகளே, அந்த நீர் வானத்து நீரல்ல. வளர்ந்த ஒருவர் இரவு உறங்கி எழுவதற்குள் மூச்சாலும் தோலாலும் ஏறக்குறைய கால் லீற்றர் நீரை வெளிவிடுகிறார். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாய் எழும். விளக்கும் அடுப்பும் சும்மா இருப்பதில்லை. போதாக்குறைக்கு உள்ளே கொடியில் ஈரத்துணி, கீழே வெள்ளம் ஊறிய மண் தரை.

30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம்தான். மேகமில்லாத இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு, காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. அதைத் தொடும் ஆவி துளியாகிறது. பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் 'ஒடுக்கம்' என்று படிப்பது இதுவே. ஐரோப்பாவில் வாகனங்களையே வீடாக்கி வாழ்வோருக்கும் இதே தொல்லைதான். குளிருக்குப் பயந்து இடுக்கையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள்.

நம் பெண்கள் அடைப்பது நுளம்புக்கும், அந்நியர் பார்வைக்கும். அது நியாயமே. ஆனால் ஆள் உயரத்துக்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் இடத்தில், எதிரெதிராக இரண்டு பக்கமும் நான்கு விரல் இடைவெளி விட்டால் மறைப்பும் கெடாது, ஆவியும் வெளியேறும். அதில் நுளம்புவலையை ஆணியடித்துவிடலாம். சாரல் அடிக்காதபடி கூரையின் தாழ்வாரம் நீண்டிருக்க வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்த சகோதரிகளுக்குத் தெரியும்: கிடுகு மழைக்கு ஒழுகும், ஆனால் இப்படி வியர்க்காது. ஆகவே தகரத்தின் கீழே ஒரு சாண் விட்டு, கிடுகையோ பனையோலையையோ சாய்வாகக் கட்டிவிடுங்கள். மேலே சொட்டுவது அதன்மேல் விழுந்து ஓரமாய் வடியும். நெருப்புப் படாதிருக்க அடுப்பு வெளியே இருப்பது அவசியம். ஆவியும் புகையும் அதனாலேயே குறையும். சிலர் தகரத்தோடு ஒட்டிப் பொலித்தீனைக் கட்டுகிறார்கள். அது நீரைத் தொட்டிலாய்த் தேக்கி, ஒருநாள் மொத்தமாய்த் தலையில் கொட்டும்!

பாய்க்குக் கீழே மட்டும் பொலித்தீன் நல்லது, தரையின் ஈரலிப்பு ஏறாது. பாயையும் தலையணையையும் காலையில் சுருட்டி மூலையில் வைக்காமல் வெயிலில் விரியுங்கள். அரிசியும் புத்தகமும் தரையிலோ தகரச் சுவரை ஒட்டியோ இருக்கக்கூடாது. சவர்க்கார நீரில் நனைத்த துணியால் பூஞ்சணத்தைத் துடைத்தெடுங்கள். காய்ந்தபின் தட்டினால் அதன் தூள் பறந்து இழுப்புள்ள பிள்ளையின் மூச்சில்தான் போய்ச் சேரும்.

மாசியில் மீண்டும் கண்டாவளைக்குப் போனேன். கூரையடியில் திணித்திருந்த சாக்குகளை அந்தத் தாய் உருவி எடுத்திருந்தார். அடுப்பு வேப்பமரத்தடிக்குப் போயிருந்தது. சொட்டுவது முற்றாக நிற்கவில்லை என்றார். ஓலையின் ஓரம் நனைந்திருந்தது. பாய் காய்ந்திருந்தது.