சூழலொலியுடன் கூடிய செவியுள் மானிட்டர்

செவியுள் மானிட்டர் என்பது மேடையில் பாடும் அல்லது இசைக்கருவி வாசிக்கும் கலைஞர், தம் ஒலியையும் உடன் இசைப்போரின் ஒலியையும் கேட்பதற்காகக் காதினுள் அணியும் சிறு ஒலிக்கருவி ஆகும். இசைக்கலைஞரிடையே இது இன்-இயர் மானிட்டர் என்றே வழங்குகிறது. காதை இறுக அடைத்து வெளியொலியைத் தடுப்பது இக்கருவியின் சிறப்பு. பல கலைஞர்கள் இதைக் குறை கூறுவதும் அதே காரணத்தினால்தான். இவ்வாறு தடுக்கப்படும் மேடையொலி, சக கலைஞரின் பேச்சு, அரங்கின் கைதட்டல் ஆகியவற்றைத் தேவையான அளவில் மீண்டும் காதுக்குள் கொண்டுவரும் முறைகள் சூழலொலி முறைகள் எனப்படுகின்றன.

வரலாறு

1965 ஆகஸ்டு 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழு ஏறத்தாழ 55,000 பேர் முன் இசைத்தபோது, கலைஞர்களுக்கென மேடையில் மானிட்டர் ஒலிபெருக்கி எதுவும் இருக்கவில்லை. இரசிகர்களின் கூச்சலில் தாம் பாடுவது தமக்கே கேட்காத நிலையில் அவர்கள் பாடினர். பின்னர் கலைஞரின் காலடியில் சாய்வாக வைக்கப்படும் வெட்ஜ் ஒலிபெருக்கிகள் பரவலாயின. இவை ஒரு சிக்கலைத் தீர்த்து மற்றொன்றை உருவாக்கின. முரசுத்தொகுதியின் ஒலியை மீறிக் கேட்கப் பாடகர் தம் ஒலிபெருக்கியைக் கூட்டச் சொல்வார். அதை மீறிக் கேட்கக் கித்தார் கலைஞர் தம்முடையதைக் கூட்டுவார். முடிவில் மேடையே இரைச்சல் மிகுந்த தொழிற்கூடம் போல் ஆகிவிடும். ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று தூண்டி எழுப்பும் கீச்சொலியும் இதனால் கூடியது.

காதுக்குள் கேட்கும் கருவிகளுக்கான முயற்சிகள் 1980களில் நடைபெற்றன. 1995 இல் வான் ஹேலன் குழுவின் மானிட்டர் பொறியாளரான ஜெரி ஹார்வி, அக்குழுவின் முரசுக் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக வடிவமைத்த கருவியிலிருந்து அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் தோன்றியது. அதன்பின் கலைஞரின் காதை அச்செடுத்துச் செய்யப்படும் கருவிகள் பெருமேடைகளில் வழக்கமாயின.

தனிமையுணர்வும் அடைப்பு விளைவும்

நன்கு பொருந்திய கருவி ஏறத்தாழ 20 முதல் 25 டெசிபெல் வரை வெளியொலியைக் குறைக்கும். கலைஞருக்குத் தெளிவான ஒலி கிடைக்கிறது. ஆனால் ஆயிரம் பேர் முன் நின்றும் மூடிய அறையொன்றில் தனியே பாடுவது போன்ற உணர்வு ஏற்படுகிறது. பக்கத்தில் நிற்பவர் 'இன்னொரு முறை பல்லவி' என்று சொன்னாலும் கேட்பதில்லை.

பாடகர்களுக்கு அடைப்பு விளைவு என்னும் தொல்லையும் உண்டு. பாடும்போது குரலின் அதிர்வு எலும்புவழியாகச் செவிக்குழாயை அடைகிறது. காது திறந்திருந்தால் அதன் தாழ்சுர ஆற்றல் வெளியேறிவிடும். அடைத்திருந்தால் உள்ளேயே தங்கிச் செவிப்பறையைத் தாக்கும். ஆகவே சுமார் 500 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட ஒலி மிகைப்பட்டு, குடத்துக்குள் பாடுவது போல் கேட்கும். 'ஈ', 'ஊ' போன்ற உயிரொலிகளில் இது மிகுதி. இரு காதுகளையும் விரல்களால் அடைத்துக்கொண்டு 'ஈ' என்று ஒலித்துப் பார்ப்பதன் மூலம் இதை எளிதில் உணரலாம்.

ஒரு காதைக் கழற்றுதல்

மேற்கூறிய தொல்லைகளுக்குக் கலைஞர்கள் தாமாகக் கண்டுகொண்ட தீர்வு, ஒரு பக்கக் கருவியைக் கழற்றித் தோளில் தொங்கவிடுவதாகும். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இக்காட்சி மிகச் சாதாரணம். செவிநல வல்லுநர்கள் இதையே மிகவும் கண்டிக்கின்றனர். இரு காதுகளாலும் கேட்கும்போது மூளை இரண்டையும் கூட்டி உணர்வதால், ஒரு காதை மட்டும் பயன்படுத்துபவர் அதே உரப்பை உணர 3 முதல் 6 டெசிபெல் வரை ஒலியைக் கூட்ட வேண்டியுள்ளது. திறந்த காதோ மேடையின் முழு ஒலியையும் எவ்விதக் காப்புமின்றி ஏற்கிறது. அதாவது இரண்டு காதுகளுமே முன்னிலும் மோசமான நிலைக்கு உள்ளாகின்றன.

இதன் பொருளை எண்களில் காணலாம். அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு நிறுவனமான நயோஷ், 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை ஏற்கலாம் எனப் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகும். 94 டெசிபெல் எனில் 1 மணி நேரம். 100 டெசிபெல் எனில் 15 நிமிடம். எனவே 6 டெசிபெல் கூட்டுதல் என்பது பாதுகாப்பான நேரத்தைக் கால் பங்காகக் குறைப்பதாகும். இரைச்சலால் இழந்த கேள்திறன் மீள்வதில்லை. ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், கேள்திறனை முற்றிலும் இழக்க நேரிடலாம் என்ற மருத்துவர்களின் எச்சரிக்கையை அடுத்து 2016 இல் சுற்றுப்பயணத்தை இடையில் நிறுத்தினார்; குழுவின் கச்சேரியில் அவர் மீண்டும் பாடியது 2023 இல்தான்.

சூழலொலி தரும் முறைகள்

எளியதும் பரவலானதும் மேடை விளிம்பின் இடம், வலம் ஆகிய இரு முனைகளிலும் அவையை நோக்கி ஒலிவாங்கிகளை வைத்து, அவற்றின் ஒலியை மானிட்டர் கலவையில் சேர்ப்பதாகும். இவை முதன்மை ஒலிபெருக்கிகளிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். பொறியாளர் பாடலின் இடையே இவற்றைத் தாழ்த்தி, பாடல் முடிந்து கைதட்டல் எழும்போது உயர்த்துவார். இவ்வொலிவாங்கிகளை அவையின் பின்புறம் வைப்பது தவறு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 30 மீட்டர் தொலைவில் உள்ள ஒலிவாங்கி மேடையின் தாளத்தை ஏறத்தாழ 87 மில்லிநொடி பிந்தியே பெறும். கலைஞர் ஒவ்வொரு அடியையும் இருமுறை கேட்பார். இம்முறையில் அவையின் ஆரவாரம் கிடைக்குமே தவிர திசையுணர்வு கிடைக்காது. கலைஞர் தலையைத் திருப்பினாலும் ஒலி திரும்புவதில்லை.

இரண்டாவது, கருவியிலேயே சிறு துளை அல்லது வடிகட்டி அமைப்பதாகும். மின்கலம் தேவையில்லை; அடைப்பு விளைவும் குறையும். ஆனால் வெளியொலி எந்த வழியாக நுழைகிறதோ அதே வழியாகத் தாழ்சுரம் வெளியேறும். பாடகருக்கு இது இழப்பன்று. பேஸ் கித்தார், முரசுக் கலைஞருக்குப் பேரிழப்பு. மேலும் துளையின் வழியே நுழையும் ஒலியை நிகழ்ச்சியின் நடுவில் கூட்டவோ குறைக்கவோ பெரும்பாலும் இயலாது.

மூன்றாவது முறையில் ஒவ்வொரு காதுக்கருவியின் வெளிப்புறத்திலும் நுண்ணிய ஒலிவாங்கி பொருத்தப்படுகிறது. சிகாகோவைச் சேர்ந்த சென்சபோனிக்ஸ் நிறுவனம் இதில் முன்னோடி. காது இறுக அடைக்கப்பட்டே இருக்கும். சூழலொலி மட்டும் இடுப்பில் அணியும் பெட்டியின் வழியாக, கலைஞரே திருகிக் கூட்டிக் குறைக்கும் அளவில் உள்ளே வரும். ஒலிவாங்கிகள் காதிலேயே இருப்பதால், இரு காதுகளுக்கும் இடையே ஒலி வந்தடையும் சிறு கால வேறுபாடு காக்கப்பட்டு, யார் எந்தப் பக்கமிருந்து பேசுகிறார் என்பது புலப்படும். விலை அதிகம் என்பதே இதன் முதன்மைத் தடை.

அளவமைத்தல்

சூழலொலி சேர்ப்பதாலேயே கருவி பாதுகாப்பானதாகிவிடாது. மேடையில் 105 டெசிபெல் ஒலி இருக்கையில், சூழலொலியைத் திறந்த காதுக்கு நிகரான அளவில் வைத்தால் செவிப்பறைக்கு வருவதும் 105 டெசிபெல்தான். எனவே முதலில் சூழலொலியை முற்றாக மூடி, இசைக்கலவையைக் கேட்கப் போதுமான மிகக் குறைந்த அளவில் அமைத்து, அதன்பின் சூழலொலியைச் சிறிது சிறிதாகத் திறப்பது நன்று. சூழலொலியை முதலில் திறந்தால், அதை மீறிக் கேட்பதற்காகக் கலவை உயர்த்தப்படும். பழைய வெட்ஜ் ஒலிபெருக்கிப் போட்டி காதுக்குள்ளேயே மீண்டும் தொடங்கும்.

எண்முறைக் கருவிகளில் காலத்தாழ்வையும் கவனிக்க வேண்டும். பாடகரின் குரல் எலும்புவழியாக உடனேயும் கருவிவழியாகச் சில மில்லிநொடி பிந்தியும் வருவதால், சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக் குரல் உள்ளீடற்றதாகக் கேட்கும். முரசுக் கலைஞர் பொருட்படுத்தாத தாமதத்தையும் பாடகர் உடனே உணர்வது இதனாலேயே ஆகும்.