பொன்னை உருக்குவது சூடா, வேகமா?

ஒரு லேசரில் சட்டென்று உருகிவிட்ட தங்கக் கம்பிகளை இன்னொரு லேசரால் உருக்க ஏறத்தாழ 100 மடங்கு ஆற்றல் தேவைப்பட்டது. தங்கம் அதேதான், அது மிதந்த தண்ணீரும் அதேதான். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் முஸ்தஃபா எல்-சயீத் குழுவினர் 2000-இல் வெளியிட்ட முடிவு இது. கம்பி என்றால் சில பத்து நானோமீட்டர் நீளம். ஒரு தலைமுடியின் குறுக்களவுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்திவிடலாம். முதல் லேசரின் துடிப்பு 100 ஃபெம்டோ நொடி, அதாவது ஒரு நொடியில் 10 லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதற்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.01 ஜூல் போதுமானதாக இருந்தது. கம்பிகள் உருண்டைகளாகச் சுருண்டன. இரண்டாவது லேசரின் துடிப்பு 7 நானோ நொடி, முதலாவதைப் போல 70,000 மடங்கு நீளம். தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும் என்ற ஒற்றை எண் பொற்கொல்லரின் மூசைக்குச் சரி. இந்த 100 மடங்குக்கு அதனிடம் பதில் இல்லை. எவ்வளவு ஆற்றல் கொடுத்தோம் என்பதைவிட எவ்வளவு நேரத்துக்குள் கொடுத்தோம் என்பதே இங்கே பெரிய கேள்வி.

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதாக நினைத்துக்கொள்ளலாம். சிறுகச் சிறுக ஊற்றினால் ஊற்றியதெல்லாம் ஒழுகிப்போகும். ஒரே வீச்சில் கவிழ்த்தால் ஒழுகத் தொடங்குமுன் குடம் நிரம்பும். தங்கத் துகளில் ஒளியை முதலில் வாங்கிக்கொள்பவை எலக்ட்ரான்கள். அவற்றின் வெப்பக் கொள்ளளவு மிகக் குறைவு. அதனால் அணுக்கள் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே அவை பல ஆயிரம் டிகிரிக்கு ஏறிவிடுகின்றன. அந்தச் சூடு அணுக்களுக்கு இறங்க 10 பிக்கோ நொடிக்கும் (ஒரு பிக்கோ நொடி ஆயிரம் ஃபெம்டோ நொடி) குறைவான நேரம், கம்பி உருக 30 பிக்கோ நொடி, சூடு சுற்றியுள்ள நீருக்குக் கசிய 100 பிக்கோ நொடிக்கு மேல். ஃபெம்டோ நொடித் துடிப்பு இவை எதுவும் தொடங்குமுன்னே முடிந்துவிடுகிறது. 7 நானோ நொடி என்பதோ 7,000 பிக்கோ நொடி. ஊற்ற ஊற்ற ஒழுக அவகாசம் தாராளம். போதாததற்கு, சூடேறும் கம்பி ஒளியை உறிஞ்சும் திறனையும் பாதியிலேயே இழக்கிறது. குடத்தில் ஓட்டை இருப்பது போக, வாயும் குறுகிக்கொண்டே வருகிறது.

சிறிய துகள் எப்படியும் குறைந்த சூட்டில் உருகும்தானே, இதில் வேகத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். துகள் சிறுத்தால் உருகுநிலை இறங்கும் என்பது உண்மை. 1954-இல் தகாகியும் 1976-இல் புஃபா, போரெல் இருவரும் அதைச் சோதனையில் காட்டினார்கள். ஆனால் அந்தச் சரிவு கடுமையாவது 5 நானோமீட்டருக்குக் கீழே. அதைவிட எளிய பதில், இரண்டு லேசர்களுக்கும் இலக்கு ஒரே அளவுக் கம்பிகள்தான். அளவு மாறாதபோது வேறுபாட்டை அளவின் தலையில் கட்ட முடியாது. பாதி உருகி நின்றுபோன கம்பிகளையும் பார்க்க வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சில வளைந்தும் முறுக்கியும் கிடந்தன. சில, இரை விழுங்கிய பாம்பைப் போல நடுவில் மட்டும் வீங்கியிருந்தன. பனிக்கட்டி வெளியிலிருந்து கரைவதைத்தான் நாம் அறிவோம். இங்கே உருகலுக்கு வித்தாகும் படிகக் குறைகள் கம்பியின் உடலுக்குள்ளேயே முளைத்திருந்தன.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. குப்பியில் கோடிக்கணக்கான கம்பிகள் இருக்க, கிடைக்கும் அளவீடு அவற்றின் சராசரி. ஒரு தனித் துகளுக்குள் என்ன நடந்தது என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியுமா? முடியாதுதான். அந்தக் குறையை எக்ஸ் கதிர் லேசர் ஓரளவு போக்கியது. அதைக் கொண்டு தங்க நானோத்துகள்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து 2019-இல் வெளியிட்டார்கள். துகளுக்குள் அடர்த்தி ஒரே சீராக இல்லாமல் இடத்துக்கு இடம் ஏறி இறங்கியது, பிறகு உருச்சிதைந்தது. படமெடுக்கும் கதிரே துகளை அழித்துவிடுவதால் ஒவ்வொரு படத்துக்கும் புதுத் துகள் வேண்டும். ஆகவே நாம் பார்க்கும் ‘திரைப்படம்’ வெவ்வேறு துகள்களின் படங்களைக் கோத்ததுதான். இந்த எச்சரிக்கையோடு பார்த்தாலும், சீராகச் சூடேறிச் சீராக உருகும் உருண்டை என்ற பழைய சித்திரம் இனி நிற்காது.

உருகுவதைத் தாண்டித் துகள் உடைந்து சிதறும் கட்டத்தில்தான் வழக்கு இன்னும் நடக்கிறது. கொதித்து ஆவியாகி மேற்பரப்பு உதிர்கிறது என்பது ஒரு தரப்பு. எலக்ட்ரான்கள் வெளியே பாய்ந்துவிட, மிஞ்சிய நேர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளித் துகளைப் பிளக்கின்றன என்பது மறு தரப்பு. மின்னேற்றம் பெற்ற திரவத் துளி ஓர் எல்லைக்கு மேல் தாங்காது என்று இயற்பியலாளர் ராலே 1882-இலேயே கணக்கிட்டிருந்தார். நீரில் எலக்ட்ரான்கள் தென்பட்டதை இரண்டாம் தரப்பு சான்றாகக் காட்டுகிறது. ஆனால் எலக்ட்ரான் வெளியேறுவது வேறு, துகளைப் பிளக்கும் அளவுக்கு வெளியேறுவது வேறு. நானோ நொடித் துடிப்புக்குக் கொதித்து ஆவியாவதே போதிய விளக்கம் என்று எனக்குப் படுகிறது. எலக்ட்ரான்கள் மட்டும் தனியே கொதிக்கும் ஃபெம்டோ நொடியில் பிளவு வாதத்துக்கு வலு கூடுகிறது.

இது ஆய்வகத்தோடு நிற்கும் விவாதமல்ல. ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் 2009-இல், கம்பிகளைத் தேர்ந்தெடுத்து உருக்குவதையே தகவல் எழுதும் முறையாக்கினார்கள்: ஒளியின் நிறத்தையும் அதிர்வுத் திசையையும் மாற்றி, ஒரே இடத்தில் பல தகவல்களைப் பதிய முடிந்தது. அங்கே வரமானது, லேசர் ஒளி எழுப்பும் ஒலியைக் கொண்டு உடலுக்குள் படமெடுப்பவர்களுக்கு இடைஞ்சல். அவர்கள் நம்பியிருக்கும் தங்கக் கம்பிகள் நானோ நொடித் துடிப்புகளைத் தொடர்ந்து வாங்கும்போது உருண்டையாகிவிட்டால், அந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சாமல் படம் மங்கிப்போகும். அதனால்தான் இப்போது கம்பிகளுக்கு மெல்லிய சிலிக்கா உறை போர்த்துகிறார்கள்.